ஓட்டக்களத்திலிருந்து ஊர்ப்பணிக்கு: ஆர்தர் வின்ட்

தோற்றுவாய்

ஜமைக்கா என்னும் பெயரைக் கேட்டதும் இன்றைய மாணவர் நெஞ்சில் தோன்றுபவர் உசைன் போல்ட். 2009ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 100 மீட்டர் தொலைவை அவர் 9.58 விநாடியில் கடந்த செய்தியை அறியாதார் இலர். சற்று மூத்த தலைமுறையினர் கிரிக்கெட் வழியாக அத்தீவை அறிவர். மைக்கேல் ஹோல்டிங், கோர்ட்னி வால்ஷ் ஆகியோரைப் பெற்றெடுத்த மண் அது. ஆயினும், அத்தீவுக்கு முதன்முதலில் ஒலிம்பிக் தங்கப்பதக்கம் ஈட்டித் தந்தவர் யார் என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர்தாம் ஆர்தர் வின்ட். அவருடைய வாழ்க்கையை மாணவர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறையின் மலரில் ஓட்டக்காரர் ஒருவருக்கு என்ன இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். விளையாட்டில் நாட்டங்கொண்ட மாணவனைப் பெற்றோர் கடிந்துகொள்வதையும், படிப்பில் மூழ்கிய மாணவன் விளையாட்டுத் திடலை எட்டிப்பாராமலே கல்லூரிக் காலத்தைக் கழித்துவிடுவதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைப்பன என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய வரலாற்றை அறிந்த சமுதாயத்தில் இவ்வெண்ணம் நிலைபெற்றிருப்பது வியப்பிற்குரியது. உடல் வலிமையும் அறிவும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றை வளர்ப்பது ஒரு கடமை. உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு கடமை. இவ்விரண்டையும் நிறைவேற்றிய ஒருவரின் வரலாறு என்பதனாலேயே வின்டின் வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது.

பிறந்த மண்

கரீபியன் கடலில் கியூபாவுக்குத் தெற்கே அமைந்த தீவு ஜமைக்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அங்குப் பெரும்பான்மையர். அடிமைமுறை ஒழிந்தபின் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற இந்தியரின் வழியினரும் அங்கு வாழ்கின்றனர். 1655இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த அத்தீவு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்து 1962 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடுதலை பெற்றது.

அத்தீவின் மான்செஸ்டர் மாவட்டத்திலுள்ள பிளவ்டன் என்னும் ஊரில் 1920 மே 25ஆம் நாள் ஆர்தர் வின்ட் பிறந்தார். தந்தை ஜான் சாமுவேல் வின்ட் கிறித்தவச் சமயப் போதகர். தாயார் பெயர் ஹில்டா. சமயப் பற்றும் கல்வியில் நாட்டமும் நிறைந்த அக்குடும்பத்தில் பிள்ளைகள் ஒழுங்கோடு வளர்க்கப்பட்டனர்.

கலபார் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் எக்செல்சியர் உயர்நிலைப் பள்ளியிலும் வின்ட் பயின்றார். ஜமைக்காவின் பள்ளிகளுக்கிடையே 1910 முதல் தடகளப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. நம் ஊர்களில் பொதுத்தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதைப் போல், அங்கு அப்போட்டிகளின் முடிவுக்கு ஊரே காத்திருக்கும். அத்தீவு உலகுக்கு அளித்த விரைவோட்ட வீரர்கள் பலர் அப்பள்ளிக் களங்களில் முளைத்தவர்களே. வின்டும் அவ்வாறு முளைத்தவர்தாம். 1937ஆம் ஆண்டு ஜமைக்காவின் சிறந்த பள்ளி விளையாட்டு வீரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பனாமாவில் நடைபெற்ற மத்திய அமெரிக்க விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு அகவை பதினேழு.

ஆறடி நான்கு அங்குல உயரமும் நீண்ட கால்களும் அவர் பெற்றிருந்த இயற்கைப் பேறுகள். அவர் எடுத்து வைக்கும் ஓரடி ஏறக்குறைய ஒன்பது அடித் தொலைவு செல்லும் எனப் பார்த்தோர் வியந்தனர். அத்தனை பெரிய உருவத்திற்குள் மென்மையான இயல்பும் அடக்கமும் குடிகொண்டிருந்தன. எனவே, சாதுவான பேருருவர் என்னும் பொருள்படும் பட்டப்பெயர் பிற்காலத்தில் அவருக்கு வழங்கலாயிற்று.

போர் விழுங்கிய ஆண்டுகள்

ஓட்டக்காரனுக்கு இருபது முதல் இருபத்தைந்து வரையிலான அகவையே பொற்காலம் என்பர். வின்டுக்கு அக்காலம் இரண்டாம் உலகப்போரோடு ஒத்து வந்தது. 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கும் 1944ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கும் நடைபெறாமலே போயின. முன்னதன்போது அவருக்கு அகவை 20, பின்னதன்போது 24. உலகமே பற்றியெரிந்த வேளையில் பதக்கங்களைப் பற்றி யார் எண்ணியிருக்க முடியும்?

1942இல் வின்ட் தம் உடன்பிறந்தார் இருவருடன் விமானப்படைப் பயிற்சியில் சேர்ந்தார். பயிற்சி கனடாவில் நடந்தது. வெப்பத்தீவில் பிறந்தவர் பனி நிறைந்த நாட்டில் வானூர்தி ஓட்டக் கற்றுக்கொண்டார். அங்கும் அவர் ஓட்டத்தைக் கைவிட்டாரில்லை. பயிற்சிக் காலத்திலேயே கனடா நாட்டின் 400 மீட்டர் சாதனையை முறியடித்தார். பின்னர் விமானியாகத் தேர்ச்சி பெற்று, இங்கிலாந்தின் அரச விமானப்படையில் பணிபுரிந்தார்.

போர் முடிந்தது. பலரும் வீடு திரும்பினர். வின்ட் வேறொரு முடிவை மேற்கொண்டார். மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் அவர் உள்ளத்தில் இருந்தது. 1947இல் படையிலிருந்து விலகி, லண்டனிலுள்ள செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். 1123ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அம்மருத்துவமனை, குருதியோட்டத்தை உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வி பணியாற்றிய பெருமையுடையது. அங்கு மாணவராக நுழைந்தபோது வின்டுக்கு அகவை 27. பள்ளியை விட்டு நேரே வந்த இளைஞர்களோடு அமர்ந்து, ஏழாண்டு எட்டாண்டு மூத்தவராகிய அவர் உடற்கூற்றியல் பயின்றார். காலம் கடந்துவிட்டது எனக் கல்வியைக் கைவிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லண்டன், 1948

பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1948 ஜூலை 29ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. குண்டுகளால் சிதைந்த நகரம் அது. உணவுப்பொருள்கள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட காலம். போட்டியாளர்களுக்கெனப் புதிய குடியிருப்புகள் கட்டப்படவில்லை; படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். எளிமையே அப்போட்டிகளின் அணிகலனாக அமைந்தது எனலாம்.

மற்றொரு சிறப்பும் அப்போட்டிகளுக்கு உண்டு. விடுதலை பெற்ற இந்தியா தனிக்கொடியின்கீழ் முதன்முறையாக நடைபோட்டதும், வளைகோல் பந்தாட்ட இறுதியில் இங்கிலாந்தை நான்கு கோல் வேறுபாட்டில் வென்றதும் அவ்வாண்டுதான். முதன்முறையாகப் பங்கேற்ற இலங்கைக்கு டங்கன் வைட் 400 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளி ஈட்டித் தந்தார். ஜமைக்காவும் ஒலிம்பிக் களத்தில் அடியெடுத்து வைத்தது அப்போதுதான். சிறிய தீவுகளும் உலகரங்கில் தலைநிமிர முடியும் என்பதனை அந்த ஆண்டு உணர்த்திற்று.

வின்ட் 800 மீட்டர், 400 மீட்டர் ஆகிய இரண்டிலும் கலந்துகொண்டார். களத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் 400 மீட்டர். இருமுறை சுற்றினால் 800 மீட்டர். முன்னது தொடக்கம் முதல் இறுதிவரை முழு விரைவை வேண்டுவது. பின்னது விரைவோடு பொறுமையையும் கணக்கிட்டுச் செலவிடும் திறனையும் வேண்டுவது. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் சிறப்பது அரிது. தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் இவ்விரண்டிற்காக மட்டும் அவர் ஏழு முறை ஓட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 2ஆம் நாள் 800 மீட்டர் இறுதிப் போட்டி நடைபெற்றது. அமெரிக்காவின் மால் விட்ஃபீல்ட் 1 நிமிடம் 49.2 விநாடியில் முதலாவதாக வந்தார். வின்ட் 1 நிமிடம் 49.5 விநாடியில் வெள்ளி பெற்றார். கண்ணிமைக்கும் நேரமாகிய பத்தில் மூன்று விநாடியே தங்கத்தை அவரிடமிருந்து பிரித்தது. ஆயினும், ஜமைக்கா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 5ஆம் நாள், 400 மீட்டர் இறுதிப் போட்டி. அதில் வெல்லப்போகிறவர் யார் என்பதில் அறிஞர் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஜமைக்காவின் மற்றொரு வீரரான ஹெர்ப் மெக்கென்லி, ஒரு திங்களுக்கு முன்னர்தான் 45.9 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். வின்டும் மெக்கென்லியும் ஒரே மண்ணின் மைந்தர், கலபார் பள்ளி இருவருக்கும் பொதுவானது, நண்பர்கள். தொடக்கத்திலேயே மெக்கென்லி அம்பெனப் பாய்ந்து முன்னேறினார். நேர்ப்பாதையில் நுழைந்தபோதும் அவரே முன்னணியில் இருந்தார். ஆனால், தொடக்கத்தில் செலவிட்ட வலிமை இறுதியில் அவருக்குத் துணைநிற்கவில்லை. நீண்ட அடிகளால் இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வந்த வின்ட், எல்லைக்கோடு நெருங்குகையில் அவரை முந்தினார். வின்ட் 46.2 விநாடி, மெக்கென்லி 46.4 விநாடி. அன்றைய ஒலிம்பிக் சாதனைக்கு இணையான நேரம் அது. மருத்துவ மாணவர் ஒருவர் ஜமைக்காவின் முதல் தங்கப்பதக்கத்தைக் கழுத்தில் அணிந்தார். அவருக்காக இசைப்பதற்கு அத்தீவுக்கெனத் தேசிய கீதம் ஒன்று அன்று இல்லை. பதினான்கு ஆண்டுக்குப் பின்னரே அது பிறந்தது.

விழுந்த கோல்

வரலாறு இவ்விடத்தில் முடிந்திருந்தால் அஃது ஒரு வெற்றிக்கதை மட்டுமே. இரண்டு நாள் கழித்து நிகழ்ந்ததே வின்டின் வாழ்க்கையை நமக்கு நெருக்கமாக்குகிறது.

ஆகஸ்ட் 7ஆம் நாள் நால்வர் ஓடும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதி. ஜமைக்கா அணியில் ஜார்ஜ் ரோடன், லெஸ்லி லைங், வின்ட், மெக்கென்லி ஆகிய நால்வர். தங்கமும் வெள்ளியும் வென்ற இருவரைப் பெற்ற அவ்வணியே அமெரிக்காவுக்கு நிகரெனக் கருதப்பட்டது. மூன்றாமவராக வின்ட் கோலைப் பெற்றுக்கொண்டு ஓடினார். பல நாளாக ஓய்வின்றி ஓடிய கால்கள் அவை. நடுவழியில் தசை பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய உருவம் நிலைகுலைந்து களத்தில் சரிந்தது. நான்காம் இடத்தில் கையை நீட்டிக் காத்திருந்த மெக்கென்லிக்குக் கோல் வந்து சேரவேயில்லை. அமெரிக்கா 3 நிமிடம் 10.4 விநாடியில் வென்றது.

தனியோட்டத்தில் தோற்பவன் தனக்கு மட்டுமே இழப்பை உண்டாக்குகிறான். தொடரோட்டத்தில் வீழ்பவனோ மற்றை மூவரின் உழைப்பையும் தன்னோடு வீழ்த்திவிடுகிறான். இங்கோ இழப்பு இன்னும் ஆழமானது. இரண்டு நாள்களுக்கு முன்னர் எந்த நண்பரிடமிருந்து தங்கத்தைக் கைப்பற்றினாரோ, அதே நண்பருக்குக் கிட்டியிருக்கக்கூடிய மற்றொரு தங்கமும் அவருடைய கால்களாலேயே நழுவிப் போயிற்று. அது குற்றமன்று, உடல் செய்த வஞ்சனை. எனினும், பொறுப்புணர்ச்சி மிக்க உள்ளத்திற்கு அவ்வாறு ஆறுதல் கூறிக்கொள்வது எளிதன்று.

ஹெல்சிங்கியில் தீர்ந்த கடன்

அடுத்த நான்கு ஆண்டுகள் வின்டின் வாழ்க்கை இருமுனைப்பட்டது. ஒரு பக்கம் மருத்துவமனை வகுப்புகள், நோயாளிகள், தேர்வுகள். மறுபக்கம் ஓட்டப் பயிற்சி. அக்காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கு ஊதியம் கிடையாது. படிப்புக்கும் பணிக்கும் இடையே கிடைத்த பொழுதில்தான் பயிற்சி. 1949இல் நோர்மா மார்ஷ் அம்மையாரை அவர் மணந்துகொண்டார். பின்னர் மூன்று பெண்மக்களுக்குத் தந்தையானார். இத்தனை பொறுப்புகளுக்கு நடுவிலும் இங்கிலாந்தின் தடகளப் போட்டிகளில் அவர் தொடர்ந்து வெற்றி கண்டார்.

1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. வின்டுக்கு அகவை 32. விரைவோட்டத்தில் அது முதுமை. 800 மீட்டர் இறுதியில் மீண்டும் அதே விட்ஃபீல்ட், மீண்டும் அதே 1 நிமிடம் 49.2 விநாடி. வின்ட் 1 நிமிடம் 49.4 விநாடியில் மீண்டும் வெள்ளி. நான்கு ஆண்டில் இருவருக்கும் இடையிலான தொலைவு பத்தில் ஒரு விநாடி குறைந்தது, நிலை மாறவில்லை. விட்ஃபீல்டும் விமானப்படையைச் சேர்ந்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. 400 மீட்டரில் ரோடனும் மெக்கென்லியும் முதலிரு இடங்களைப் பெற, வின்ட் ஐந்தாமவராக வந்தார். இளையோர் மேலெழுந்துவிட்டனர் என்பதை அது காட்டிற்று.

மெக்கென்லியின் நிலையோ இரக்கத்திற்குரியது. 1948இல் 400 மீட்டரில் வெள்ளி. 1952இல் 100 மீட்டரில் வெள்ளி. 400 மீட்டரிலும் வெள்ளி. 100 மீட்டரில் அவருக்கும் வென்றவருக்கும் ஒரே நேரம் குறிக்கப்பட்டு, நிழற்படத்தின் துணைகொண்டே முடிவு கூறப்பட்டது. தங்கம் அவர் கைக்கு எட்டிய ஒவ்வொரு முறையும் விலகிச் சென்றது. எஞ்சியிருந்தது தொடரோட்டம் ஒன்றே.

ஜூலை 27ஆம் நாள், லண்டனில் ஓடிய அதே நால்வர், வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டு களமிறங்கினர். இம்முறை முதலில் ஓடியவர் வின்ட். அமெரிக்க வீரருக்கு ஏறத்தாழ இணையாகவே ஓடி, கோலைச் செம்மையாக லைங் கையில் ஒப்படைத்தார். லைங் தம்மால் இயன்றவரை ஓடினார். ஆயினும், அமெரிக்காவின் இரண்டாம் வீரர் மிக விரைந்து ஓடியமையால் இடைவெளி பெருகிற்று. மெக்கென்லி கோலைப் பெற்றபோது அமெரிக்கா பத்து மீட்டருக்கும் மேல் முன்னே சென்றிருந்தது. எதிரே ஓடியவர் 400 மீட்டர் தடையோட்டத்தில் அப்போதுதான் தங்கம் வென்றிருந்த சார்லஸ் மூர். அந்த இடைவெளியை மெக்கென்லி ஒரே சுற்றில் விழுங்கினார். 44.6 விநாடி. தொடரோட்டத்தில் அதுவரை எவரும் ஓடியிராத விரைவு அது. இறுதியில் ஓடிய ரோடன், விட்ஃபீல்டைக் கடைசிவரை முந்தவிடாமல் காத்தார். ஜமைக்கா 3 நிமிடம் 3.9 விநாடி, அமெரிக்கா 3 நிமிடம் 4.0 விநாடி. இருபது ஆண்டாக நின்ற 3 நிமிடம் 8.2 விநாடி என்னும் உலக சாதனை நான்கு விநாடிக்கும் மேலாகத் தகர்ந்தது.

மெக்கென்லிக்குத் தங்கம் கிடைத்தது. அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஒலிம்பிக் தங்கம் அதுவே. வெம்பிளியில் சேராமற்போன கோல் நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில் அவர் கைக்கு வந்து சேர்ந்தது எனக் கூறுதல் மிகையாகாது. வின்டின் தனிப்பெருமை 46.2 விநாடி ஓட்டம் என்பர். நம் எண்ணத்தில், வீழ்ந்த களத்திற்கு மீண்டும் வந்து, முதல் கோலை ஏந்தி, தம் பங்கைப் பிழையின்றி முடித்ததே அவருடைய பெருமைகளுள் தலையாயது.

எதிர்த்திசைப் பயணம்

1953இல் வெம்பிளி அரங்கில் வின்ட் தம் கடைசிப் போட்டியில் ஓடினார். அவ்வாண்டே மருத்துவப் படிப்பையும் முடித்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் அரசியாரிடமிருந்து எம்.பி.இ. விருது பெற்றார். புகழும் பட்டமும் ஒருங்கே வாய்த்த அவருக்கு லண்டனிலேயே வளமான வாழ்வு அமைத்துக்கொள்வது அரிய செயலன்று.

அக்காலச் சூழலை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 1948 ஜூன் 22ஆம் நாள், ஒலிம்பிக் தொடங்குவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், எம்பயர் விண்ட்ரஷ் என்னும் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு லண்டன் அருகே டில்பரி துறைமுகத்தை அடைந்தது. அவர்களுள் மிகப் பலர் ஜமைக்காவினர். அதனைத் தொடர்ந்து, வேலை தேடி ஆண்டுதோறும் பல்லாயிரவர் அத்தீவை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர். பேருந்துகளிலும் தொடர்வண்டிகளிலும் மருத்துவமனைகளிலும் அவர்கள் உழைத்தனர். அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. வறுமை துரத்தும்போது கடல் கடப்பது மனித இயற்கை. நம் ஊர்களிலும் சபர் போனவரின் உழைப்பில் விளக்கேற்றும் வீடுகள் எத்தனையோ!

அத்தகைய காலத்தில், 1955ஆம் ஆண்டு, டாக்டர் ஆர்தர் வின்ட் எதிர்த்திசையில் பயணப்பட்டார். ஊர் முழுதும் லண்டனை நோக்கிச் செல்ல, லண்டனில் இருந்த அவர் ஊர் திரும்பினார். பின்னர் தீவின் வடமேற்கு மூலையிலுள்ள ஹானோவர் மாவட்டத்தில் பணியாற்றத் தொடங்கினார். குன்றுகளும் தோட்டங்களும் சூழ்ந்த சிறு மாவட்டம் அது. தலைநகரான கிங்ஸ்டனோ தீவின் மறுகோடியில். அம்மாவட்டத்திலேயே தங்கிப் பணிபுரிந்த மருத்துவர் அவர் ஒருவரே.

ஒரு மாவட்டத்துக்கு ஒரே மருத்துவர் என்பதன் பொருளைக் கிராமங்களில் பிறந்தோர் நன்கு உணர்வர். காய்ச்சலும் அவரிடமே, கைமுறிவும் அவரிடமே, நள்ளிரவில் தொடங்கும் பேறுகால வேதனையும் அவரிடமே. மூப்பு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளத் துணைவர் இல்லை. ஐயம் எழுந்தால் கேட்டறிய மூத்தவர் அருகில் இல்லை. ஓட்டக்களத்தில் நாற்பத்தாறு விநாடியில் எல்லைக்கோடு வந்துவிடும். இவ்வோட்டத்திற்கு எல்லைக்கோடே கிடையாது. கைதட்டுவோரும் இல்லை, நேரங்குறிப்போரும் இல்லை. மருந்து வாங்கக் காத்திருப்போருக்கு அவர் கழுத்தில் இருந்த பதக்கத்தால் பயனில்லை. கையில் இருந்த திறமையே வேண்டியிருந்தது. அதற்காகவே அவர் லண்டனில் ஆண்டுகளைச் செலவிட்டார். அதனையே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவரது செயலைத் தியாகம் எனப் போற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிடுதல் எளிது. ஆனால், தொடரோட்டம் ஓடியவர் அவர். கோல் என்பது ஓடுபவனுக்குச் சொந்தமன்று; சிறிது நேரம் அவன் கையில் இருந்து அடுத்தவனிடம் செல்வது. தாம் பெற்ற கல்வியையும் அவ்வாறே அவர் கருதினார் என நாம் கொள்வதில் தவறில்லை.

தூதுவர் பணி

விடுதலை பெற்ற ஜமைக்கா அவருடைய தொண்டை மறக்கவில்லை. 1973இல் அந்நாட்டின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1974 முதல் 1978 வரை இங்கிலாந்தில் ஜமைக்காவின் உயர் ஆணையராகவும், சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளுக்கான தூதுவராகவும் அவர் பணியாற்றினார். குடியேற்ற நாட்டுக் குடிமகனாக எந்நகரில் படித்தாரோ, எந்நகரில் பிறநாட்டுக் கீதம் ஒலிக்கத் தங்கம் பெற்றாரோ, அதே நகரில் விடுதலை நாடு ஒன்றின் பேராளராக அவர் நின்றார். விண்ட்ரஷ் கப்பலில் வந்தோரின் பிள்ளைகள் அப்போது அங்கே வளர்ந்திருந்தனர். நிறவேற்றுமையின் கொடுமைகளை அவர்கள் எதிர்கொண்ட காலம் அது. அவர்களுக்கு அவருடைய தோற்றமே ஒரு தெம்பாக விளங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தூதுவர் பதவி முடிந்ததும் பெருமைகளைச் சுமந்துகொண்டு அவர் ஓய்ந்திருக்கவில்லை. மீண்டும் தாயகம் திரும்பினார், மீண்டும் மருத்துவரானார். கிங்ஸ்டனுக்கு வடமேற்கே உள்ள லின்ஸ்டெட் என்னும் சிற்றூரில் அவருடைய இறுதிக்காலம் கழிந்தது. 1989இல் ஜமைக்காவின் விளையாட்டுப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

மறைவும் நினைவும்

1992 அக்டோபர் 19ஆம் நாள் லின்ஸ்டெட்டில் ஆர்தர் வின்ட் காலமானார். அகவை 72. ஜமைக்கா தன் தேசிய மாவீரர்களை நினைவுகூர்ந்து விழா எடுக்கும் நாள் அது. நாடு தன் வீரர்களை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் அவ்வரிசையில் நிற்கத் தகுந்த ஒருவர் விடைபெற்றுச் சென்றார்.

கிங்ஸ்டன் நகரின் தேசிய விளையாட்டரங்கை ஒட்டிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரங்கிற்குச் செல்லும் இளம் வீரர்கள் அப்பெயரைக் கடந்தே செல்கின்றனர். அவருடைய மகள் வேலரி வின்ட், தந்தையின் வரலாற்றை நூலாக எழுதி 2012இல் வெளியிட்டார்.

அதே 2012இல் ஒலிம்பிக் போட்டிகள் மீண்டும் லண்டனுக்கு வந்தன. ஆகஸ்ட் 5ஆம் நாள் இரவு உசைன் போல்ட் 9.63 விநாடியில் ஓடி 100 மீட்டர் தங்கத்தை வென்றார். மறுநாள் ஜமைக்கா விடுதலையின் பொன்விழா. அரங்கில் ஜமைக்காவின் கீதம் ஒலித்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், அதே நகரில், அதே ஆகஸ்ட் 5ஆம் நாள்தான் வின்ட் ஜமைக்காவின் முதல் தங்கத்தை வென்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

நிறைவுரை

விளையாட்டா, படிப்பா என்னும் வினாவுக்கு வின்டின் வாழ்க்கை தரும் விடை தெளிவானது. அவர் இரண்டையும் செய்தார். ஒன்றைக் காரணங்காட்டி மற்றொன்றிலிருந்து தப்பவில்லை. ஆனால், அதனினும் பெரிய வினா ஒன்று உண்டு. பெற்ற திறமையை யாருக்காகச் செலவிடப் போகிறோம் என்பதே அது. நம் கல்லூரிகள் எழுந்த வரலாற்றை மூத்தோர் அறிவர். வணிகத்தால் பொருளீட்டிய பெருமக்கள், தம் பிள்ளைகளுக்காக மட்டுமன்றி, முகமறியாத ஏழை மாணவர்களுக்காகவும் கட்டிய கூடங்கள் இவை. இக்கூடங்களில் பட்டம் பெறும் ஒவ்வொரு மாணவரும் அவர்கள் நீட்டிய கோலைக் கையில் ஏந்தியிருக்கிறார். ஓடுகையில் கால் இடறலாம், விழவும் நேரலாம். விழுந்தவர் எழுந்து வந்து மீண்டும் ஓடலாம் என்பதற்கு வின்ட் சான்று. ஆனால், கோலை நமக்கே உரியதெனக் கொண்டு நின்றுவிடல் ஆகாது. நமக்கு முன்னே கை நீட்டிக் காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை அடையும்வரை ஓடும் வலிமையை வல்ல இறைவன் நம் மாணவர்களுக்கு அருள்வானாக.